சினேகா சிரிக்கவில்லை

“உங்க பொண்ணு சிரிச்சு நாப்பத்தோரு நாளாச்சு சார்” என்றார் தலைமையாசிரியை அனுசுயா, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரின் குரலில்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருக்கும் பழைய சாமான் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்த வைரவனுக்கு மூச்சு வாங்கியது. “என்ன மிஸ் சொல்றீக?”

அனுசுயா சுவரைக் காட்டினார். ஆளுயர அட்டை. எந்தப் பிள்ளை என்றைக்குச் சிரித்ததோ அன்றைக்கு அதன் பெயருக்கு நேரே ஒரு மஞ்சள் வட்டம். எல்.கே.ஜி. ‘பி’ பிரிவே செவ்வந்தித் தோட்டமாகப் பூத்திருக்க, சினேகாவின் வரிசை மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

“வீட்டுல நல்லாத்தான் மிஸ் சிரிக்கிறா. நேத்து நான் சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்ததுக்கு அரை மணி நேரம் சிரிச்சாளே!”

“வீட்டுச் சிரிப்பு செல்லாது சார். இங்க சிரிச்சாத்தான் வட்டம். மத்த பிள்ளைகளக் கிச்சுகிச்சு மூட்டியாவது ஒட்டிட்டோம். இவகிட்ட அதுவும் பலிக்கல.”

அனுசுயாவின் கவலையில் நியாயம் இருந்தது. ‘ஆனந்த மழலையர் பள்ளி’ விருதுக்காக அடுத்த மாதம் ஆட்கள் வந்து அட்டையைப் பார்க்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் நாலு வயசுப் பிள்ளை ஒன்று பல்லைக் காட்ட மாட்டேன் என்றால் நிர்வாகம் எந்த முகத்தோடு சிரிக்கும்?

அதற்காகவே மதுரையிலிருந்து வியாழன்தோறும் வரும் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஹரிகிருஷ்ணன், வைரவன் முன்னாலேயே சினேகாவை அழைத்து எதிரே உட்கார வைத்து, பையிலிருந்து ஒரு மர யானையை எடுத்து நீட்டினார்.

சினேகா யானையைத் தலைகீழாகத் திருப்பினாள். அதன் வயிற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

“யானை பிடிச்சிருக்கா பாப்பா?”

“பரவாயில்ல.”

“வெளிய சறுக்குமரம் இருக்கே, அது?”

“சின்னது.”

“சரி, உங்க அனுசுயா மிஸ்ஸப் பிடிக்குமா?”

சினேகா அனுசுயாவை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள். “பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்துலயும் மிஸ் இருக்காக.”

அனுசுயாவின் முகம் அட்டையில் சினேகாவின் வரிசையைப் போல வெளுத்தது. ஹரிகிருஷ்ணன் ‘எதிலும் நாட்டமில்லை’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.

“லீவு நாள்ல யார்கிட்ட இருப்பா?”

“ஏங்கூடத்தான் சார். கீழச்சிவல்பட்டி பக்கம் பெரிய வீடுகள்ல பழைய தூணு, கதவு, பீங்கான் ஜாடியெல்லாம் வெலை பேசி எடுக்கப் போவேன். எம்புட்டு நேரமானாலும் மடியில சமத்தா உக்காந்திருப்பா.”

“அதான் விஷயமே! இருட்டு வீடு, செத்துப்போனவங்க சாமான். பிஞ்சு மனசுல சோகம் அப்படியே இறங்கிடுச்சு.”

 தேக்குத் தூணில் கரையான் அரித்த இடத்தைத் தெருமுனையில் நின்றே சொல்லிவிடுகிற ஆள் வைரவன். சொந்தப் பிள்ளையைச் சோகம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருப்பது தெரியாமல் போயிற்றே!

“பயப்படாதீக” என்று அனுசுயா வழவழப்பான ஒரு தாளை நகர்த்தினார். “‘மலரும் மனசு’ன்னு ஒரு ஸ்பெஷல் கோர்ஸ் வச்சிருக்கோம். பதினெட்டாயிரம்தான். களிமண்ணு, பாட்டு, கட்டிப்பிடிச்சுக்கத் தனியா ஒரு மிஸ்.”

“அதுல சேக்காட்டி?”

“டி.சி. வாங்கிக்கிறது நல்லது சார். ஒரு பிள்ளை மொகத்தத் தூக்கி வச்சிருந்தா மத்ததுகளுக்கும் ஒட்டிக்கும். விருதுக்காரங்க வேற வாராக.”

வைரவன் மகளைப் பார்த்தான். மழைக்கு முந்தின வானம் மாதிரி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். பதினெட்டாயிரம் என்ன, கடையை விற்றுக்கூடக் கட்டியிருப்பான். ஆனால் பிடிக்காத இடத்தில் காசு கட்டிப் பிள்ளையை வாட விடுவதா?

“வேணாம் மிஸ். டி.சி. எழுதி வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

எழுந்துவிட்டான். வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து, ஒருவர் விலை சொல்லி, தான் பதில் விலை சொல்லாமல் அவன் எழுந்தது இதுதான் முதல் தடவை.

“சார், கொஞ்சம் யோசிச்சு...” என்று அனுசுயா இழுத்தது காதில் விழவில்லை.

சினேகா புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அப்பாவின் விரலைப் பிடித்தபடி வெளியே நடந்தாள். சறுக்குமரத்தைத் தாண்டும்போதுகூட அவள் கண் அங்குட்டுப் போகவில்லை.

வாசலுக்குப் பத்தடி இருக்கையில் வைரவன் தாங்க முடியாமல் மகள் முன் குந்தி உட்கார்ந்தான். கண் கலங்கிவிட்டது.

“பிடிக்கலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தாயி? இம்புட்டு நாளா எதுக்கு மனசுக்குள்ளயே வச்சிருந்த?”

சினேகா பதறிப்போய் அவன் சட்டையைப் பிடித்து எழுப்பினாள். உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்:

“ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. திரும்பிப் பாக்காம நடங்க, வெலையக் கொறச்சு அவுகளே கூப்பிடுவாக!”