பரணில் காலியான இடம்

“வருஷக்கணக்கா தொடாத பாத்திரம் எதுக்குடி? எடைக்குப் போட்டுட்டேன். இப்ப பரண் எவ்ளோ விஸ்தாரமா இருக்கு பாரு!”

“அதுல எம்பேரு வெட்டியிருந்துச்சு. இந்த வீட்ல வேற எதுல இருக்கு எம்பேரு?”

“சீர் கொடுத்த உங்கம்மா, அத வைக்க ஒரு ரூமும் சேர்த்துக் கொடுத்திருக்கணும்” என்று குமரவேல் சிரித்தான்.

அவன் மனைவி தமயந்தி ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினாள். அண்டாக்கள் இருந்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தினாள். பக்கத்தில், கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஒருநாளும் ஆடாத கேரம் போர்டு பத்திரமாக இருந்தது. அதைக் கீழே தள்ளினாள். அது விழுந்து மூலை பிளந்தது.

“பைத்தியமா உனக்கு? இறங்குடி.”

“இந்தப் பரண் திரையை இழுத்து மூடுங்க. யாராச்சும் வந்தா வீடு அடைசலாத் தெரியும்ல?”