பக்கத்து நாற்காலி

அவள் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிச் செய்தியில், ஜெர்மன் பெண் அமைச்சரின் காதருகே குனிந்து அவள் கணவன் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தான். அந்த அம்மாள் சிரித்தார்.

"எங்கண்ணன் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதப் பாருங்க. வயிறு எரியுதா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"எரியுது."

மாலையில் அவன் வீடு திரும்பியதும் தங்கை அதை அவனிடம் போட்டுக்கொடுத்தாள். அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"அவங்களுக்கு அறுபது வயசு. அவங்க மேலயா பொறாமை?"

"அவங்க மேல எதுக்கு? உங்க நாற்காலி மேலதான். யூனிவர்சிட்டியில நம்ம ஜெர்மன் வகுப்புல யாரு முதல் மார்க்?"

அவன் சிரிப்பு நின்றது. "நீதான்."

அவள் இடுப்பிலிருந்த குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்தாள்.

"திங்கட்கிழமை லீவு போட்டு இவனைப் பார்த்துக்கங்க. எனக்கு இன்டர்வியூ."

"எங்க?"

"உங்க ஆபீஸ்லதான்."