மாடு வரும் வரை

கம்பாலா கல்லூரி விடுதியில் காதல் ஜோடிகளைத் தேடிப் பிடித்து இலவச ஆணுறை கொடுப்பது அடோங்கோவின் வேலை. மரத்தடியில் கவூமாவும் நலூலேயும் பைபிளும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்களுக்கெதுக்குக்கா இந்தக் கண்றாவி?” என்றான் கவூமா. “பரிச மாடுங்க இவ அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் விரலக்கூடத் தொடமாட்டேன். ஜெபம் மட்டுந்தான்!”

நலூலே பக்தியோடு தலையாட்டினாள்.

மாலையில் அவன் மட்டும் வந்தான். “ரெண்டு பாக்கெட் குடுங்கக்கா. நலூலேகிட்ட மூச்சு விட்றாதீங்க.”

அவன் தலை மறைந்ததும் அவள் வந்தாள். “மூணு குடுங்கக்கா. கவூமாவுக்குத் தெரியவே கூடாது.”

அடோங்கோவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சேர்ந்தே வந்து வாங்கலாமேடி! உங்களுக்குள்ள என்ன ஒளிவுமறைவு?”

“ஐயோ, இது கவூமாவுக்கு இல்லக்கா, சர்ச்சுல டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு. கவூமா பாவம், இதப் பார்த்தா பலூன்னு நெனச்சு ஊதுவான்!”