அளவோடு சேமித்த எண்கள்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் ஊடே தையல் மேசையில் கோடுகோடாகக் கிடக்கிறது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டுப் போனைப் பார்க்கிறாள். புதிதாக ஏற்றிய ஜாக்கெட் கழுத்து டிசைன் ஆப், போனில் அவள் சேமித்துள்ள எல்லா எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. “குடுத்துத் தொலையேன், எல்லாரும் அதைத்தானே பண்றாங்க,” என்கிறேன் பட்டன் தைத்தபடி. அவள் போனை என் பக்கம் திருப்புகிறாள். வாடிக்கைக்காரர்களின் எண்களை அவரவர் உடல் அளவோடுதான் சேமித்திருக்கிறாள்: ‘டீச்சர் இடுப்பு நாற்பது’, ‘நர்ஸ் இடது தோள் இறக்கம்’, ‘பேங்க் மேடம் மூணு மாசம், இன்னும் யாருக்கும் சொல்லல’. “கதவைச் சாத்திக்கிட்டு எங்கிட்ட சொன்னதுடி இதெல்லாம். கழுத்து வெட்டுறவனுக்கு எதுக்கு?” மறுக்கிறாள். அனுமதி தராமல் திறக்க முடியாது என்கிறது ஆப். “திறக்காட்டி போ,” என்று அதை நீக்குகிறாள். அதோடு விடவில்லை. அமைப்புகளுக்குள் போய் மற்ற ஆப்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். டார்ச் ஆப்புக்கும் எண்களைப் பார்க்கும் அனுமதி இருக்கிறது. “வெளிச்சம் காட்ட வந்தவன் பீரோவைக் குடையறான் பாரு.” துணியில் கோடு போடும் சுண்ணாம்புக்கட்டியின் தூள் அப்பிய விரலால் அந்த அனுமதியையும் அணைக்கிறாள். வாசலில் ஒரு பெண் வந்து நின்று, “என் துணி ஆச்சாக்கா?” என்கிறாள். அக்கா போனிலிருந்து நிமிரவில்லை. “உட்காரும்மா. உன் வேலையாத்தான் இருக்கேன்.”