இரண்டாவது துண்டு

பெரிய வியாழன் மாலை. கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில், பாதம் கழுவும் சடங்குக்குப் பீடத்தின் முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். தெருவுக்கு ஒரு அன்பியம் என்கிற ஜெபக்குழு, குழுவுக்கு ஒரு ஆள் என்று மறைமாவட்டம் சொல்லிவிட்டதால் இந்த வருஷம்தான் காலனிக்கும் ஒரு நாற்காலி, அதுவும் கடைசியில். அதில் சின்னப்பன். பாதங்களைச் செங்கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சாமியார் மண்டியிட்டு ஒவ்வொரு வலது பாதத்திலும் தண்ணீர் ஊற்றுகிறார், ஒரே பூத்துவாலையால் துடைக்கிறார், குனிந்து முத்தமிடுகிறார். பாடகர் குழு உருகுகிறது. சின்னப்பன் பாதத்தில் தண்ணீர் விழுந்ததும், பங்குப் பேரவைச் செயலர் ஜெரோம் ஓடிவந்து அந்தத் துவாலையை வாங்கிக்கொண்டு ஒரு காடாத் துண்டை நீட்டுகிறார். சாமியாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறார். எவ்வளவு பழகிய கை! “ஏனுங்க சாமி, அந்தத் துண்டுக்கு என்னாச்சுங்க?” என்கிறார் சின்னப்பன். ஆர்மோனியம் நின்றுவிடுகிறது. “அது ஈரமாயிருச்சப்பா” என்கிறார் ஜெரோம். “ஈரமானாப் பரவால்லீங்க. அதுலயே தொடைங்க சாமி.” பூத்துவாலை ஜெரோமின் முதுகுக்குப் பின்னால் போகிறது. சாமியார் காடாத் துண்டையே விரிக்கிறார். சின்னப்பன் எழுந்துகொள்கிறார். “அப்ப எந்திரிங்க சாமி, முட்டி நோவுமுங்க.” நடுப்பாதையில் ஒற்றைக்கால் ஈரத்தடம் வாசல்வரை நீள்கிறது. கொஞ்ச நேரத்தில் ஆர்மோனியம் மறுபடி தொடங்குகிறது. அப்பமும் திராட்சை இரசமும் ஏந்திப் பீடத்துக்கு வருகிறவர்கள், அந்த ஈரத்தை மிதித்துவிடாமல், ஒதுங்கி ஒதுங்கி வருகிறார்கள்.