ஆணி வைத்த டயர்

"இது வேண்டாம், ஆர்வோ. ஆணி வெச்சதுதான் வேணும்."

டயர் கடைக்கார ஆர்வோ உருட்டிக்கொண்டு வந்த டயரை நிறுத்தி, அதன்மேல் கையை ஊன்றியபடி நோரீனைப் பார்த்தார்.

இரவெல்லாம் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்திருந்தது. ஊரிலிருந்து கடைக்கு இறங்கும் சரிவில் அவளுடைய பிக்கப் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, ஓரத்துப் பனிமேட்டில் மூக்கை இடித்துத்தான் நின்றது. போட்டிருந்தவை கோடை டயர்கள். அவையும் மொட்டை.

"நல்ல ரப்பர் இது. எவ்வளவு குளிர்னாலும் இறுகாது. பனியில நாய் மாதிரி ஓடும்," என்றார்.

"ரோட்டுல பனியா கிடக்கு? கண்ணாடி மாதிரி ஐஸ் கிடக்கு. ஆணி குத்தினாத்தான் பிடிக்கும்."

அவருக்குத் தெரியாததா? "ஆணி வெச்சது உன் வண்டி சைஸுல ஒரே செட்டுதான். மரலாரி ஓட்டுறானே கார்டி, அவன் பிக்கப்புக்கு. அவன் சொல்லி வரவழைச்சது. சாயங்காலம் வந்து கேட்டா நான் எங்கே போவேன்?"

"கார்டிகிட்ட நான் பேசறேன்."

"ஸ்கூல் பஸ்ஸையே நிறுத்திட்டாங்க, நோரீன். நாளைக்குப் போயேன். ஒரு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

"முழுகிடும்."

சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகக் கடைக்கு வருகிறவள், ஒருநாளும் அவரைத் தொட்டதில்லை.

அவர் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். அவள் மகன் டேரன் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, டை, புதிதாக வெட்டிய தலை.

"ஓ, பையனுக்கு வேலையா? சிட்டியிலயா?"

நோரீன் தரையைப் பார்த்தாள்.

"ஆமா. இன்னிக்குத்தான் முதல் நாள்."

ஆர்வோ கார்டிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. "என் டயரைத் தூக்கிக் குடுக்க நீ யாருய்யா கிழவா? நான் என்ன, லாரி நிக்கிற இடத்துக்குக் காலுல சறுக்குக் கட்டை மாட்டிக்கிட்டுப் போகட்டுமா?"

"நோரீன் பையனுக்கு இன்னிக்கு வேலைல முதல் நாள்டா."

கார்டியின் குரல் இறங்கியது.

"முதல் நாளே லேட்டாப் போனா மதிப்பே போயிடும். சரி, மாட்டி விடு. எனக்கு வேற செட்டு வரவழை."

நோரீன் அதற்கு முன்பே அந்த டயர்களின் பக்கத்தில் போய் நின்றுவிட்டிருந்தாள், யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

ஆர்வோ நான்கையும் மாட்டினார். பின்பாரம் இல்லாவிட்டால் வால் ஆடும் என்று மணல் மூட்டைகளைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டார்.

"புது ஆணி. முதல்ல மெதுவாப் போ, அது ரப்பர்ல உக்காரணும். பிரேக்கை மிதிக்காதே. கெஞ்சு."

பிறகு டேரனின் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். "மேனேஜர் கேட்டா ஆர்வோ டயர்லதான் வந்தேன்னு சொல்லுடா!"

டேரன் திரும்பவில்லை. அவனுக்கும் சேர்த்து நோரீன் சிரித்தாள்.

நெடுஞ்சாலையில் ஆணிகள் பனிக்கட்டியைக் கரகரவென்று கடித்துக்கொண்டு போயின. ஒரு சரக்கு லாரி குறுக்கே மடங்கிப் பள்ளத்தில் கிடந்தது. அதைத் தாண்டும்போது பின்சக்கரம் ஒருமுறை விலகி, பிடித்துக்கொண்டது. அவள் மூச்சு விட்டாள்.

டேரன் நேற்று இரவுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

போன் அடித்தது. வக்கீலின் குரல் வண்டியின் ஸ்பீக்கரில் வந்தது.

"காலையில நான் சொன்னபடியே ஆச்சும்மா. ஜட்ஜ் தண்டனையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வெச்சிடலாம்னு சொல்லிட்டார். இந்த ரோட்டுல யாரும் வர முடியாதுன்னு அவருக்கே தெரியும். திரும்பிப் போயிடுங்க. டேரனை வீட்டிலேயே வெச்சுக்குங்க."

வீட்டிலேயே.

குடித்துவிட்டு நண்பனின் காரை ஓட்டி, சாலையோரம் நடந்துபோன ஒரு மனிதரை இடித்து, நிற்காமல் வந்தவன் அவன். விசாரணை நடந்த மாதங்களெல்லாம் சாப்பிட்டான், தூங்கினான். நேற்று இரவுதான், சமையலறை வாசலில் நின்று சொன்னான். "நாளைக்குன்னா உன்கூடக் கோர்ட்டுக்கு வர்றேன்மா. அதுக்கு மேல ஒரு நாள்கூட என்னால முடியாது. அப்புறம் என்னைத் தேடாதே."

எங்கே போவாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை. விடியும்வரை அவன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயிலில் இருந்தால் பார்க்கப் போகலாம்.

"ஹலோ? நோரீன்? கேக்குதா?"

டேரனும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் கை கதவின் பிடிமேல் இருந்தது.

"நாங்க வந்துட்டோம் சார்," என்றாள் நோரீன். "சிட்டிக்குள்ள நுழைஞ்சாச்சு. கோர்ட்டைப் பூட்டிட வேண்டாம்னு ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க."

இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

போனை வைத்தாள். மகன் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்து, சாலையையே பார்த்தாள். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து, அந்தச் சாலையும் மங்கிக்கொண்டு வந்தது.

டேரன் கதவிலிருந்து கையை எடுத்தான். முன்னால் குனிந்து, வெள்ளைச் சட்டையின் கையை இழுத்துப் பிடித்து, அவள் முன்னால் இருந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டான்.