இரண்டு டைமண்ட்

மனைவி மேஜையில் வைத்த ஏல அட்டையைக் கண்ணாடிக் கடைக்காரர் நம்ப முடியாமல் இன்னொரு முறை பார்த்தார்.

இரண்டு டைமண்ட்.

அவள் அதை வைத்த விதம் அதைவிட மோசம். யோசிக்கவில்லை, தயங்கவில்லை. சொந்த வீட்டில் விளக்கைப் போடுகிற மாதிரி வைத்தாள்.

வைத்த பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது.

சங்கதி இதுதான். பிரிட்ஜ் ஆட்டத்தில் சீட்டு இறங்குவதற்கு முன் அட்டை வைத்து ஏலம். பல் டாக்டர் இஸ்பேட் என்று தொடங்கினார். கடைக்காரர் அதன் மேல் ஒரு நோட்ரம்ப், துருப்பே வேண்டாம் என்று கேட்டார். எதிராளியின் ஏலத்தின் மேல் அப்படிக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு இந்தத் தம்பதிக்குள் ஒளிவுமறைவு கிடையாது. டைமண்ட் என்றால் டைமண்ட்தான். கல்யாணமான மறுவருஷம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முடிவு பண்ணியது. பத்தொன்பது வருஷமாக மாற்றமில்லை.

ஆனால் டைமண்டில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஏழு என்று ஆறு சீட்டு அவர் கையில் அல்லவா இருக்கிறது! பெரிய தலைகளெல்லாம் இங்கே இருக்க, இவள் எந்த டைமண்டைக் கேட்கிறாள்?

வேறொரு வழக்கம் உண்டு. சில ஜோடிகள் கையில் இருப்பதற்கு ஒரு படி கீழே சொல்வார்கள். டைமண்ட் என்று கேட்டால், ‘என்னிடம் ஹார்ட் இருக்கிறது, அதை நீ உன் வாயால் சொல்’ என்று அர்த்தம். படித்து வருகிற சமாசாரமில்லை அது. ஒரே ஆளோடு வாரக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினால்தான் கை இப்படித் தானாகப் போகும்.

யார் அந்த ஆள்?

புதன்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

அவருக்கு வெள்ளிக்கிழமை இடது தோள் வலிக்கு வைத்தியம். அவளுக்குப் புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா வீடு. இதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார். போன புதன்கிழமை விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள். நேரம் போனதே தெரியவில்லை என்றாள். அக்கா வீட்டில் யாருக்காவது நேரம் போகுமா? அந்த அம்மாள் வாயைத் திறந்தால் முட்டி வலியும் மாத்திரையும்தானே! இவளானால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். மரமண்டை, அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா?

கிளப்பின் மூன்றாவது மேஜையில் கட்டடப் பொறியாளன் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மை, மணிக்கட்டில் புதுக் கடிகாரம். எதற்கு இவ்வளவு சிரிப்பு? அவனேதான். வேறு யாராக இருக்க முடியும்?

நெஞ்சு எரிந்தது. பத்தொன்பது வருஷம்!

பேசாமல் பாஸ் அட்டையை வைத்திருக்கலாம். கையில் இருந்த டைமண்டுக்கு மகராஜனாக ஜெயித்திருப்பார், ஒரு பேச்சும் எழுந்திருக்காது. ஆனால் சந்தேகம் புகுந்த மனுஷன் சும்மா இருப்பானா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று அவளுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

நீல நிற அலர்ட் அட்டையை எடுத்து மேஜையில் தட்டினார். ஜோடியின் ஏலத்துக்கு நேர் அர்த்தம் இல்லை என்று எதிராளியை எச்சரிக்கிற அட்டை அது. என்ன அர்த்தம் என்று பல் டாக்டர் விசாரித்தார்.

மனைவியின் கண்ணைப் பார்த்தபடியே பதில் சொன்னார். “அவங்ககிட்ட அஞ்சு ஹார்ட்டாவது இருக்கு. நான் இப்ப ரெண்டு ஹார்ட் சொல்லணும். கை பலமா இருந்தா அவங்க மேல போவாங்க, இல்லேன்னா அங்கேயே நிப்பாங்க. நடுவுல நீங்க டபுள் போட்டா, மூணு ஹார்ட் இல்லாம நான் வாயே திறக்க மாட்டேன்.”

எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

அவள் நிமிர்ந்தாள். முதலில் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. பிடிபட்டவளுக்கு என்ன நிம்மதி வேண்டிக்கிடக்கிறது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அந்த நிம்மதி மெல்ல வடிந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. அவள் கணக்கு டீச்சர். விடைத்தாளில் விடை மட்டும் சரியாக இருந்து, போட்ட வழியைக் காணோம் என்றால் விழுகிற சுருக்கம்.

ஏலம் இரண்டு ஹார்ட்டில் நின்றது. அவள் தன் சீட்டுகளை மேஜையில் விரித்தாள். ஹார்ட் ஐந்து, டைமண்ட் ஒன்றே ஒன்று. அவர் எட்டுப் பிடி எடுத்து ஜெயித்தார்.

பல் டாக்டரும் அவர் ஜோடியும் அடுத்த மேஜைக்கு எழுந்து போனார்கள். அவள் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்:

“அக்கா முட்டி வலின்னு வெளியிலயே போறதில்ல. பொழுது போகணுமேன்னு புதன்கிழமை ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல ஜோடி சேர்ந்து ஆடுவோம். அவ சொல்லிக்கொடுத்ததுதான் இது, பழக்கதோஷத்துல இங்கயும் கேட்டுட்டேன்.” அடுக்கிய சீட்டைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு யாருங்க சொல்லிக்கொடுத்தாங்க?”

அவர் கை தானாகப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டது.

வலது தோளை.